என்ரோல் பண்ணிக்கோங்க

மே 9

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு லட்டு, எங்களுக்கு மீட்டிங்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. மே, ஜூன் இரண்டு மாதமும் வாத்தியார்கள் அத்தனை பேரும் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். இதற்கு கேன்வாசிங் என்று கௌரவமான பெயர். ஆளுக்குப் பத்து அட்மிஷன். பி.எச்டி. முடித்த ஃபிசிக்ஸ் சாருக்கும் பத்துதான், போன மாதம் வந்த லேப் அசிஸ்டென்டுக்கும் பத்துதான். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் கல்லூரியில் ஏற்றத்தாழ்வே பார்ப்பதில்லை.

கரஸ்பாண்டென்ட் என்று நாங்கள் அழைக்கும் முதலாளி இந்த வருஷம் புது யோசனையோடு வந்திருந்தார். "இனிமே யாரும் 'எங்க காலேஜ்ல சேருங்க'ன்னு கேக்கக் கூடாது. கெஞ்சற மாதிரி இருக்கு. 'என்ரோல் பண்ணிக்கோங்க'ன்னு சொல்லணும். அதுல ஒரு வெயிட் இருக்கு. மங்கை மேடம், நீங்க இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்தானே, எல்லாருக்கும் ஒரு அரை மணி நேரம் பிராக்டிஸ் குடுங்க."

மேடையில் ஏறி நின்று, நரைத்த தலைகள் உட்பட எல்லோருக்கும் அந்த ஒற்றை வினைச்சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன். எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது, சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, எல்லாம். மெக்கானிக்கல் ஜெயசீலன் சார் கையைத் தூக்கி, "இதச் சொன்னா பெத்தவங்களுக்குப் புரியுமா மேடம்?" என்று கேட்டார். என்னை முந்திக்கொண்டு கரஸ்பாண்டென்ட் பதில் சொன்னார். "புரியாட்டிதான் சார் நல்லது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எம்.ஏ., எம்.ஃபில். எல்லாம் முடித்துவிட்டு இந்தச் சிரிப்புக்குத்தான் வந்து சேர்ந்தேன் போலிருக்கிறது.

மே 14

ஜெயசீலன் சாரும் நானும் ஒரு ஜோடி. அவருடைய பைக், என்னுடைய வாய். இன்று பழனி ரோட்டில் ஒவ்வொரு ஊராக இறங்கினோம். பாதி வீடு பூட்டியிருந்தது. மீதி வீட்டில் எங்களுக்கு முன்பே வேறு கல்லூரிக்காரன் வந்து போயிருந்தான். ஒரு வீட்டில் பையனின் அப்பா எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எம்மூத்தவன் உங்க காலேஜ்லதான் சார் படிச்சான். அந்தா வர்றான் பாருங்க" என்று கையைக் காட்டினார். மூத்தவன் டிராக்டர் ஓட்டிக்கொண்டு வந்தான். ஜெயசீலன் சாரைப் பார்த்ததும் மரியாதையாக இறங்கி வணக்கம் வைத்தான். அதற்கு மேல் அந்த வீட்டில் நாங்கள் என்ன பேச.

வெயிலில் முகம் எரிகிறது. குக்கர் கேஸ்கட் வாங்க மறந்துவிட்டேன்.

மே 21

பாஸ்.

அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் என் நம்பர் இருக்கிறது. ஐந்து தடவை பார்த்தேன். திருப்பூரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு போன் போட்டு அவரையும் பார்க்கச் சொன்னேன். ஜூன் 24 அன்று சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. எல்லா ஒரிஜினலும் கொண்டு வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் பரிசீலிக்கப்படாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்தெட்டு. இன்னொரு தேர்வு எப்போது வைப்பார்களோ, அதற்குள் என் தலை முழுக்க நரைத்துவிடும்.

ஒரிஜினல் எதுவும் என்னிடம் இல்லை. இங்கே வேலைக்குச் சேரும்போதே அத்தனையும் வாங்கி ஆபீஸில் வைத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்தில் தனியார் கல்லூரி வாத்தியார் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். சர்டிபிகேட் அவர்களிடம் இருந்தால் நாம் எங்கே ஓடிவிடுவோம். கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்தது. அதன் பிறகு நான் கண்ணால் பார்க்கவில்லை.

மே 22

கரஸ்பாண்டென்டைப் பார்த்தேன். ராஜினாமாக் கடிதமும் கையோடு கொண்டு போனேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். எழுந்து நின்று வாழ்த்தினார். அட்டெண்டரைக் கூப்பிட்டு எனக்கு ஜூஸ் வாங்கி வரச் சொன்னார்.

"உங்க சர்டிபிகேட்ட நான் வச்சு என்ன மேடம் பண்ணப் போறேன்? பத்து முடிச்சுட்டு வாங்கிட்டுப் போங்க."

"சார், ஜூன் இருபத்தி நாலு…"

"அதான் ஒரு மாசம் கெடக்கே. உங்க வாய்க்கு ஒரு வாரம் போதும்."

ஜூஸைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதை மூஞ்சியில் ஊற்றியிருக்க வேண்டும் என்று பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகு தோன்றியது. எனக்கு ரோஷமெல்லாம் எப்போதும் பஸ் ஸ்டாண்டில்தான் வரும்.

ஜூன் 2

ஒன்பது ஆகிவிட்டது. என் வாய்க்குள் இப்படி ஒருத்தி இருப்பது எனக்கே தெரியாது. "என்ரோல்" என்று சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தினால் எதிரில் இருப்பவர் முன்னால் குனிந்து கேட்கிறார். நேற்று ஒரு அம்மா, "எங்க தம்பியையும் என்ரோலு பண்ணிருங்க டீச்சர்" என்று அவராகவே கேட்டார். ஏதோ ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது போல.

ஜெயசீலன் சார் நாலில் நிற்கிறார். பொய் சொல்ல வராத மனுஷன். வேலை கிடைக்குமா என்று கேட்டால் "படிக்கறதப் பொறுத்துங்க" என்கிறார். யார் சேர்ப்பார்கள்.

ஜூன் 4

ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே ஒரு காலனி. பஞ்சவர்ணம் என்ற அம்மா, காய்கறி மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை. வீட்டுக்காரர் தவறிவிட்டார். ஒரே பெண், நாகஜோதி. நல்ல மார்க். இங்கிலீஷில் பள்ளிக்கூடத்திலேயே முதல்.

"பி.ஏ. இங்கிலீஷ் படிக்கப் போறேன் மேடம். கவர்மென்ட் காலேஜ்ல அப்ளை பண்ணிட்டேன். கவுன்சிலிங்குக்குக் கூப்பிடுவாங்க" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள். ஜெயசீலன் சார் கிளம்பலாம் என்று கண்ணைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன்.

அம்மாக்காரி மகளை விட்டுக்கொடுக்காமல் கேலி செய்தார். "ஸ்டேஷன்ல ரயிலு லேட்டுன்னு ஒரு பொம்பள இங்கிலீஷ்ல பேசும்ல டீச்சர், அத அப்பிடியே பேசுவா. ஏ, பேசிக் காட்டுடி." அவள் மாட்டேன் என்றாள், வெட்கப்பட்டாள், பிறகு பேசினாள். இடைஞ்சலுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கும் அந்த வாசகம் வரை ஒரு பிசிறில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் இவளுக்கு உச்சரிப்பு சொல்லித் தரவில்லை. பிளாட்பாரத்தில் நின்று அவளாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பத்து வருஷமாக என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்ததில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தோம். என்னென்னவோ கேட்டாள். எதுவும் மார்க்குக்கான கேள்வி இல்லை. கேன்வாசிங் வந்த ஞாபகமே எனக்கு இல்லை. அப்படித்தான் நினைக்கிறேன்.

அவள் உள்ளே டீ போடப் போனபோது பஞ்சவர்ணம் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். அவ சொல்றா, நான் தலையாட்டுறேன். எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க. படிச்சவுங்க."

நான் சொன்னேன்.

ஜூன் 5

ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதி வைத்துவிடுகிறேன். நான் யாரையும் ஏமாற்றவில்லை.

நேற்று நாகஜோதியிடம் சொன்னது இதுதான். "நீ சேர வேண்டாம்மா. சும்மா என்ரோல் மட்டும் பண்ணி வை. முதல் பட்டதாரிக்கு ஃபீஸ் சலுகை இருக்கு. அதுக்கு ஒரிஜினல ஆபீஸ்ல ஒரு தடவை காட்டணும், அவ்வளவுதான். ஒரு வாரத்துல நானே வாங்கிக் கொண்டாந்து தர்றேன். கவர்மென்ட் காலேஜ் கூப்பிட்டா நீ பாட்டுக்குப் போகலாம்."

அவள் யோசித்தாள். "என்ரோல்னா சேர்றதுதானே மேடம்?" என்று கேட்டாள். கெட்டிக்காரி.

"அப்படி இல்லம்மா. பேரு இருக்கும், அவ்வளவுதான். நான்தானே சொல்றேன்."

டி.சி., பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பஞ்சவர்ணம் ஜவுளிக்கடைக் கவரில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்தார். ஜெயசீலன் சார் பைக்கைத் திருப்பப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத மனுஷனோடு பைக்கில் வருவது ரொம்பக் கஷ்டம்.

ஒரு வாரத்தில் திருப்பித் தருவதாகத்தான் சொன்னேன். தரமாட்டேன் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே.

ஜூன் 6

ஆபீஸில் கொடுத்தேன். பத்து முடிந்தது. என் ஒரிஜினலைக் கேட்டேன். பீரோ சாவி கரஸ்பாண்டென்டிடம், கரஸ்பாண்டென்ட் கொடைக்கானலில். பத்தொன்பதாம் தேதி எல்லோருடைய கணக்கையும் பார்த்துவிட்டுத் தருவாராம்.

கேஸ்கட் வாங்கினேன். சைஸ் தப்பு.

ஜூன் 11

நாகஜோதி போன் செய்தாள். கவர்மென்ட் காலேஜில் கூப்பிட்டுவிட்டார்களாம். பதினாறாம் தேதி திங்கட்கிழமை கவுன்சிலிங். ரேங்க் நன்றாக இருப்பதால் பி.ஏ. இங்கிலீஷ் நிச்சயம் கிடைக்குமாம். ஒரிஜினல் டி.சி. இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்களாம். பேச்சில் மூச்சு வாங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

"நீங்க கொண்டாந்து தர வேணாம் மேடம். எப்பன்னு சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 12

கரஸ்பாண்டென்ட் வந்துவிட்டார். நேராகப் போய்க் கேட்டேன்.

"தாராளமா குடுத்துடலாம் மேடம். நாம என்ன கொள்ளைக்காரங்களா? ஆனா அது போனா உங்களுக்கு ஒம்பதுதான். வேற ஒண்ணக் கொண்டாங்க. அந்தப் பொண்ணோடதும் உங்களோடதும் அன்னைக்கே வெளிய வந்துடும்."

"கெடைக்கலன்னா சார்?"

"அப்ப உங்க இஷ்டம். அதோடத வாங்கிக் குடுங்க, இல்ல உங்களோடத வாங்கிக்கோங்க."

இந்த ஆள் கத்துவதில்லை. கத்தினால் பதிலுக்குக் கத்திவிட்டு வரலாம்.

ஜெயசீலன் சாரிடம் சொன்னேன். "இன்னும் மூணு நாள் இருக்கு மேடம். வேடசந்தூர் பக்கம் ரெண்டு வீடு கைவசம் இருக்கு, அதுல ஒருத்தன் பாதிக்கு மேல சம்மதம். என் கணக்குல வச்சிருந்தேன், உங்களுக்கு எழுதிக்கோங்க. காலையில ஏழு மணிக்கு வர்றேன்" என்றார். அவர் கணக்கே ஐந்தைத் தாண்டவில்லை. எனக்கு அழுகை வந்தது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 13

தலைவலி. வரவேண்டாம் என்று ஜெயசீலன் சாருக்கு ஆறரைக்கே போன் செய்துவிட்டேன். வெயிலில் அலைந்தால் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, இது பழைய விஷயம்.

இட்லிக்கு அரைத்தேன். உளுந்து நன்றாகக் கண்டது. பருப்பு டப்பாக்களை எல்லாம் கழுவி வெயிலில் வைத்தேன். துவரம்பருப்பில் வண்டு.

அவர் சொன்ன வீட்டில் அந்தப் பையன் சேருவான் என்று என்ன நிச்சயம்? பாதிக்கு மேல் சம்மதம் என்றால் பாதி இல்லை என்றும்தானே அர்த்தம். அந்த வீட்டை நம்பி நாகஜோதியின் டி.சி.யை வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தப் பையன் வேறு எங்காவது போனால்? இருபத்து நாலாம் தேதி நான் வெறுங்கையோடு நிற்பதா?

ஜூன் 14

சனிக்கிழமை. வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து வந்தார். ஜன்னல் திரைகளை இறக்கித் துவைத்தோம். ஜெயசீலன் சார் இரண்டு முறை கூப்பிட்டார், கையெல்லாம் சோப்பு நுரை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நீ உன் பொழப்பப் பாரு மங்கை. அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, அடுத்த வருஷம்கூடப் படிக்கலாம். இஞ்சினியரிங் என்ன கெட்ட படிப்பா?" என்றார். அவர் இப்படித்தான் சொல்வார் என்று தெரிந்துதான் அவரிடம் சொன்னேன். என் தம்பியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூன் 15

ஞாயிறு. கறி எடுத்தோம். வேடசந்தூர் பையன் வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டானாம், ஜெயசீலன் சார் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். "வெள்ளிக்கிழமை போயிருந்தா முடிஞ்சிருக்கும்" என்று ஒரு வரி. நல்ல மனுஷர்தான், ஆனால் குத்திக்காட்டாமல் இருக்கத் தெரியாது.

நாகஜோதிக்கு, நாளைக்குக் காலை ஆபீஸ் திறந்ததும் பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 16

இன்று லீவு. போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. சத்தம் கேட்கவில்லை.

ஜூன் 17

நேற்று சத்தம் கேட்டது.

ஜெயசீலன் சார் இன்று சொல்லித்தான் மீதி தெரிந்தது. நாகஜோதி காலையில் கவர்மென்ட் காலேஜுக்குப் போயிருக்கிறாள். செராக்ஸ் காப்பியைக் காட்டியிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் ஒரிஜினல் கொண்டுவந்தால் சீட்டை நிறுத்தி வைப்பதாக அங்கே ஒரு பேராசிரியர் இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து பஸ் பிடித்து எங்கள் கல்லூரிக்கு வந்து ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறாள். ஜெயசீலன் சார் கிளார்க்கிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். அந்த அட்மிஷன் வேண்டாம் என்று மங்கை மேடம் எழுதிக் கொடுத்தால் தருகிறோம் என்றிருக்கிறார்கள்.

"உங்களுக்குத்தான் மேடம் அவ கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. என் கண்ணு முன்னாடி. ஒவ்வொரு தடவையும் 'பிஸியா இருப்பாங்க சார், எடுத்துடுவாங்க'ன்னு என்கிட்ட சொல்றா."

நான் எழுதிக் கொடுத்திருந்தால் என் வேலை போயிருக்கும். முப்பத்தெட்டு வயசில் எனக்குக் கிடைத்த ஒரே கவர்மென்ட் வேலை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? யாராவது எனக்குச் சொல்லட்டும். ஜெயசீலன் சாரிடமே கேட்டேன்.

"தெரியல மேடம்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

ஜூன் 19

ஒரிஜினல் கிடைத்துவிட்டது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என் கையெழுத்து வேறு யாருடையதோ போல இருக்கிறது. எம்.ஏ. பட்டத்தின் ஒரு ஓரம் பழுப்பேறிவிட்டது. கரஸ்பாண்டென்ட் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "போற எடத்துல எங்களை மறந்துடாதீங்க" என்றார். மறக்கவா முடியும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பால் பொங்கி வழிந்த நாற்றம் வந்தது, எழுந்து போனேன்.

ஜூன் 24

சென்னை. சரிபார்க்கிற அம்மா ஒவ்வொன்றையும் புரட்டினார், டிக் அடித்தார், திருப்பிக் கொடுத்தார். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, போகலாம் என்றார். இதற்காகத்தானா என்று அங்கேயே கேட்டுவிட்டேன். "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எனக்குப் பின்னால் நின்ற பெண் டிகிரி ஒரிஜினல் இல்லாமல் வந்திருந்தாள். நகலைக் காட்டி அழுதுகொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது என்னைப் பிடித்து நிறுத்தி நாலு வார்த்தை அசிங்கமாகத் திட்டினால் தேவலை போல இருந்தது. சென்னையில் யாருக்கும் அதற்கு நேரமில்லை.

ஜூலை 2

இன்று கடைசியாகக் கல்லூரிக்குப் போனேன். லைப்ரரி, லேப், ஹாஸ்டல் என்று ஒவ்வொரு இடமாக அலைந்து பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கி, பதினொரு மணிக்கு ரிலீவிங் ஆர்டரைக் கையில் கொடுத்தார்கள். மடித்துக் கைப்பையில் வைத்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பின்பக்க வழியாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். பின்பக்க வராந்தாவில்தான் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது.

பஞ்சவர்ணம்தான் முதலில் பார்த்தார். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார், கையில் தக்காளிக் கறை போகவில்லை. "கவர்மென்ட்டு காலேஜ்ல எடம் இல்லைன்னுட்டாங்களாம் டீச்சர். புள்ள ரெண்டு நாளா சாப்பிடல. நல்ல வேளை, நீங்க முன்னாடியே இங்க எழுதி வச்சீங்க. இல்லைன்னா எம்புள்ள இந்த வருஷம் வீட்டுலதான் கெடந்திருக்கும்." ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டுவந்திருந்தார். நான் வருவேனோ மாட்டேனோ என்று தெரியாமலே கொண்டுவந்திருக்கிறார். வாங்கிக்கொண்டேன்.

நாகஜோதி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் என்னிடம் வந்தாள். இளைத்திருந்தாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், ஆபீஸில் சாவி, போன் சார்ஜ் என்று. அவள் கேட்டுக்கொண்டாள். நடுவில் ஒரு இடத்தில் நான் நிறுத்திவிட்டேன்.

"அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல மேடம். எடம் இல்லைன்னு மட்டும் சொன்னேன். அது உங்கள சாமி மாதிரி நெனச்சுட்டு இருக்கு. நெனச்சுட்டுப் போகட்டும்."

கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நாலு வருஷம் இங்கதான்னு ஆயிருச்சு. எனக்கு அந்த மெஷினு, கணக்கு எல்லாம் வருமான்னு தெரியல" என்றாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். "இங்கிலீஷ் நீங்கதானே மேடம் எடுப்பீங்க?"

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

"ஆமாம்மா. நான்தான் எடுப்பேன்."

"அப்ப பரவால்ல மேடம்" என்றாள்.

தையல்காரர் அவள் பேரைக் கூப்பிட்டார். போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அளவுக்கு நின்றாள். அங்கிருந்து என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள்.